கூரைக்கும் ஒரு புரோவா

இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் புரோவா என்றால் என்னவென்று தெரியும். வேலைக்கு எடுப்பதற்கு முன் சில நாட்கள் வைத்துப் பார்ப்பார்கள். தரை துடைக்கிற விதம், படுக்கையில் இருப்பவரைத் தூக்குகிற விதம், இஸ்திரிப் பெட்டியைச் சட்டையில் வைக்கிற விதம் எல்லாம் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் போகலாம்.

அற்புதமலர் இதைத் திருப்பிச் செய்தவள். வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில் முதல் நாள் வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, "நாளைக்கும் வரலாம்" என்றிருக்கிறார். "நான் இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு அதே வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தாள். கடைசியில் சிஞ்ஞோரா இறந்தபோது கண்ணை மூடிவிட்டவளும் அவள்தான்.

இலங்கையில், மன்னாரில் பேசாலை அவளுடைய ஊர். பெனடிக்ற் அவளைக் கலியாணம் பேசி வந்தபோது, குசினிக்குள் கூப்பிட்டு ஒரு சூரை மீனைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னாளாம். கடலுக்குப் போகிறவன் மீன் பிடிப்பான், அதில் ஒன்றும் தெரியவராது. வெட்டின இடத்தைக் கழுவுகிறானா என்று பார்க்கத்தான் என்பாள். பெனடிக்ற் கழுவியிருக்கிறார். "கழுவினனான்தான். ஆனாலும் நான் இன்னும் புரோவாவிலைதான் இருக்கிறன்" என்று இப்போதும் சொல்லுவார்.

பலெர்மோவின் ஓரத்தில் கடலை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோவில், படகுத்துறைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், அவர்கள் ஒரு சின்னப் பழைய வீடு வாங்கினார்கள். கீழே ஒரு இருட்டு அறை. பின்பக்கம் சாய்ப்பு இறக்கிய குசினி. மேலே ஒரே ஒரு பெரிய அறை, அதன் யன்னலில் நின்றால் படகுகள் தெரியும். பெனடிக்ற் பக்கத்திலேயே ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. வாய் போகவில்லை.

நான் முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, அந்த வேலையையே செய்து ஓய்வு பெற்றவள். வாரத்தில் சில நாள் பஸ் எடுத்துப் போய் அவருக்குக் கை கால் பயிற்சி கொடுப்பேன். பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டோம். படியில் மட்டும் கால் வைக்கமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் மேலே தூக்கிக்கொண்டு போனதுதான், அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கீழே கட்டிலைப் போடலாம் என்றால், அந்த அறையில் ஈரம் சுவர் ஏறி நிற்கிறது, யன்னலும் கிடையாது. நெஞ்சில் சளி கட்டும். ஆகவே மேலறைதான் அவருக்கு வீடு, ஊர், கடல் எல்லாம்.

மாசி மாதம் அடித்த காற்றில் அந்த மேலறையின் ஓடுகள் ஒரு பக்கமாகக் கிளம்பின. பழைய ஓடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கி வைத்தவை. பின்னால் வந்த மழை நேரே கட்டிலில் விழுந்தது. அற்புதமலர் அவரைக் கதிரையோடு இழுத்து மூலையில் விட்டு, மேலே மேசைச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காப்புறுதிக் கொம்பனி அந்தத் தடவை நட்டஈடு கொடுத்தது. ஆனால் முகவர் கலோஜெரோ வீட்டுக்கே வந்து, மேலே பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்: வருட முடிவுக்குள் கூரையைப் புதிதாகப் போடவேண்டும். போடாவிட்டால் காற்றுக்கும் மழைக்கும் இனிக் காப்புறுதி கிடையாது.

இன்னொரு தடவை இப்படி வந்தால் கைக்காசில் கூரை போட அவர்களால் முடியாது. கூரை போனால் அறை போகும், அறை போனால் பெனடிக்ற் கீழே அந்த ஈரத்துக்குள் போகவேண்டும். இவ்வளவும்தான் விஷயம்.

அவளுடைய அண்ணன் இராஜநாயகம் ரொறொன்ரோவில் இருக்கிறார். செய்தி கேட்ட அன்றே வீடியோவில் வந்தார். நான் பெனடிக்றின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓடுகளை விடு மலர். மெற்றல் ரூஃப் போடு. இஞ்சை எல்லாரும் அதுக்குத்தான் மாறுகினம். அம்பது வருசம் நிக்கும். அதோடை மெற்றல் எண்டால் இன்சூரன்ஸ்காரன் காசு குறைப்பான்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குக் குறைச்சவங்கள்."

"அது கனடாவிலை."

"காற்றெண்டால் எல்லா இடமும் காற்றுத்தானே. நீ ஒண்டையும் நம்பமாட்டாய்."

"அங்கை பனி விழுது அண்ணை, இஞ்சை வெயில் விழுது" என்றாள்.

கட்டிலிலிருந்து பெனடிக்ற் குரல் கொடுத்தார். "மச்சான், என்னைத் தகரத்துக்குக் கீழை போட்டுக் கருவாடாக்கப் பாக்கிறியள். பேசாலைக் கருவாடு, ஏற்றுமதித் தரம்."

இராஜநாயகம் சிரிக்கவில்லை. அவர் தங்கைக்கு நல்லது சொல்லுகிறவர், அதைப் பகிடியாக எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

இதில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் இருக்கிற நாட்டில் விசாரிக்கமாட்டார்கள். வீட்டுக் கடனா, பல்லுக் கட்டுவதா, பிள்ளையின் படிப்பா, எதுவென்றாலும் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற சகோதரனைக் கேட்பார்கள். அவர்கள் அங்கே சரியாக இருப்பதைச் சரியாகச் சொல்லுவார்கள். இவர்கள் அதை இங்கே செய்துவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று யோசிப்பார்கள். இராஜநாயகம் பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கூரை ஸ்ஃபெர்ராகவால்லோவில் அல்லவா இருக்கிறது.

அற்புதமலர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அக்கா, தகரத்தை ஒருக்கா வைச்சுப் பாப்பம்" என்று என்னிடம் சொன்னாள்.

"எங்கை வைச்சு?"

"குலேந்திரன் வீட்டிலை."

குலேந்திரன் வன்னி ஆள். மலையடிவாரத்தில் வீடு வாங்கி, போன வருடம் தகரக் கூரை போட்டவர். மொன்றியலில் இருக்கிற மைத்துனர் சொன்னாராம். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் அவர் கதைப்பது அந்தக் கூரையைப் பற்றித்தான்.

ஆவணி வெயிலில், நடுமதியம் பார்த்து இருவரும் போனோம். அற்புதமலர் பையில் பெனடிக்றின் தலையணையையும், நான் நோயாளிகளின் அறையில் வைக்கிற வெப்பமானியையும் கொண்டுபோயிருந்தோம். குலேந்திரன் வாசலில் நின்று மேலே காட்டினார். சாம்பல் நிறம், பளபளப்பு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"காத்து அடிச்சால் ஒரு அசுமாத்தம் இல்லை அக்கா, ஆடாது. மெற்றல்."

"மேல் அறையிலை கொஞ்சம் படுக்கலாமோ?" என்று அற்புதமலர் கேட்டாள்.

அவர் விளங்காமல் மனைவியைப் பார்த்தார். தர்மிளா சிரித்தாள். "அங்கையோ அக்கா? அங்கை வைகாசி பிறந்தால் நாங்கள் ஏறுறேல்லை. நான் மிளகாய் காயப்போடுறனான்."

"நீ சும்மா இரு" என்றார் குலேந்திரன்.

"என்னத்துக்குச் சும்மா இருக்க? ரெண்டே நாளிலை சலசலவெண்டு காயும். மிளகாய்க்கு நல்ல கூரை."

ஏறினோம். மிளகாயை ஒதுக்கி வைத்துவிட்டு அற்புதமலர் தரையில் தலையணையைப் போட்டு நிமிர்ந்து படுத்தாள். யன்னலின் மரக்கதவைச் சாத்தச் சொன்னாள். ஷிரொக்கோ என்கிற சுடுகாற்று அடிக்கிற நாட்களில் பலெர்மோவில் எல்லோரும் அப்படித்தான் சாத்திக்கொண்டு கிடப்பார்கள், பெனடிக்றும் கிடப்பார். இடது கையை உடம்போடு வைத்து, அதை அசைக்காமல் கிடந்தாள். முகத்தில் வியர்வை ஓடியபோது வலது கையால்தான் துடைத்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். தாகம் என்று கேட்கவில்லை. பெனடிக்ற் தானாகத் தண்ணீர் கேட்பதில்லை, எழுப்பிக் கொடுக்கவேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அரை மணித்தியாலம் கழித்து நான் வெப்பமானியைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. "எழும்பு, காணும்" என்றேன்.

எழும்பி இருந்தவளின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "இவர் இதுக்குள்ளை ஒரு கிழமை தாங்கார்" என்றாள்.

கீழே வந்து தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு குலேந்திரனிடம் கேட்டாள். "தம்பி, இன்சூரன்ஸ் எவ்வளவு குறைச்சவங்கள்?"

"குறைப்பாங்கள்."

"இன்னும் குறைக்கேல்லையோ?"

"வருசம் முடியத்தானே தெரியும்."

"நீங்கள் தகரம் போட்டது அவங்களுக்குத் தெரியுமோ?"

குலேந்திரன் தலையைத் தூக்கிக் கூரைப் பக்கம் பார்த்தார். "சொல்லவேணுமோ?" என்றார்.

தர்மிளா தேசிக்காய்த் தண்ணீர்ச் சாடியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை மூன்று பேருமாகக் கலோஜெரோவின் அலுவலகத்துக்குப் போனோம். குலேந்திரன் சும்மா கூட வருகிறேன் என்றுதான் வந்தார். அற்புதமலரின் இத்தாலி மொழி நல்லது. இருபது வருடம் ஒரு சிஞ்ஞோராவோடு சண்டை பிடித்த மொழி.

"தகரக் கூரை போட்டால் கட்டணம் குறையுமா?" என்று கேட்டாள்.

"இல்லை சிஞ்ஞோரா. எங்கள் கொம்பனியில் அப்படி ஒன்று இல்லை."

"ஓடு போட்டால் கூடுமா?"

"அதுவும் இல்லை. ஓடோ தகரமோ, எங்களுக்கு ஒன்றுதான். கூரை புதிதா, கட்டடத்தோடு சரியாகப் பொருத்தியிருக்கிறதா, பொறுப்பான ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறாரா. இவற்றைத்தான் பார்ப்போம்."

"கல்மழை விழுந்து தகரம் நெளிந்தால்?"

"தண்ணீர் உள்ளே வந்தால் கொடுப்போம். நெளிவுக்குக் கொடுப்பதில்லை."

"பின்பக்கச் சாய்ப்பு? குசினி?"

அவர் கையை விரித்தார். "சாய்ப்பு, கொட்டகை, பந்தல் எதற்கும் காற்றுக் காப்புறுதி இல்லை. எதைப் போட்டாலும் இல்லை. அங்கே உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கள்."

அவள் தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ஒரு வீட்டு வேலையை ஒப்புக்கொள்ளுவதா என்று அவள் யோசிக்கும்போது அப்படித்தான் ஆட்டுவாள்.

கலோஜெரோ குலேந்திரன் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களோ? யார் போட்டது?"

"இங்கேயே இருக்கிற என்னுடைய இன்னொரு மச்சினன்" என்றார் குலேந்திரன்.

"கையெழுத்து யார்?"

"எதற்குக் கையெழுத்து?"

கலோஜெரோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் நல்ல மனிதர்தான். ஒரு கட்டட நிபுணரைக் கூட்டி வந்து காட்டி, ஆணிகளைச் சரிபார்த்து எழுதி வாங்கினால் போதும் என்று விளக்கமாகச் சொன்னார். குலேந்திரன் பிறகு அதைச் செய்தார்.

இத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் முடிக்கவில்லை. "குலேந்திரன் போட்டது மெல்லிசுத் தகரம் அக்கா. நடுவிலை ஸ்பொஞ்சு மாதிரி வைச்ச தடிச்சதும் இருக்காம். அதைப் பாக்காமல் வேண்டாமெண்டு சொன்னால் அது நியாயமில்லை."

கூரை வேலை செய்கிற மேஸ்திரி ஒருவரிடம் அந்தத் தடித்த பலகையில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டு வாங்கினாள். அதே கடையில் புது ஓடும், ஓட்டுக்குக் கீழே வைக்கிற வெப்பம் தடுக்கும் பலகையும் வாங்கினாள். படகுத்துறையிலிருந்து இரண்டு மரப் பெட்டிகளைக் கொண்டுவந்து முற்றத்து வெயிலில் வைத்து, ஒன்றுக்கு மேலே தகரப் பலகை, மற்றதுக்கு மேலே ஓடும் பலகையும் என்று மூடினாள். உள்ளே வெப்பமானி. ஒழுங்கையில் போன சனம் எல்லாம் நின்று பார்த்தது. பெனடிக்ற் யன்னலால் எட்டிப் பார்த்து, "உந்தப் பெட்டியளுக்கு உள்ளை முட்டை ஏதும் வைச்சிருக்கிறியோ? குஞ்சு பொரிச்சால் சொல்லு" என்றார்.

இரண்டு பெட்டியிலும் சூடு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. தடித்த தகரம் வெப்பத்தில் தோற்கவில்லை. அவள் அதையும் மறைக்காமல் சொன்னாள். மேஸ்திரியோ அதுதான் பாரம் குறைவு, சீக்கிரம் வேலை முடியும், அதையே போடுங்கள் என்றார்.

"கடற்காற்றுக்கு?" என்று கேட்டாள்.

"தகரத்துக்கு ஒன்றும் ஆகாது சிஞ்ஞோரா. அதைப் பிடிக்கிற திருகாணியின் தலையும், வெட்டின ஓரமும்தான் முதலில் துருப்பிடிக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்த்து மாற்றினால் சரி."

அவள் ஒழுங்கை முனைக்குப் போய், சாப்பாட்டுக் கடையின் இரும்புக் கம்பி வேலியைக் கையால் தடவிப் பார்த்தாள். கை சிவப்பாக வந்தது. திரும்பி வந்து மேலறை யன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பென்றால் பெனடிக்ற் காலைச் சாப்பாட்டுக்கு முன்னம் கூரையில் ஏறி இறங்கியிருப்பார். இனி ஒவ்வொரு தடவையும் ஆள் பிடிக்கவேண்டும். ஓடு அப்படியில்லை. அடியில் ஒவ்வொன்றையும் கொளுக்கி போட்டு மரத்தோடு பிடித்துவிட்டால், பிறகு உடைவது ஒன்றிரண்டுதான். உடைந்தாலும் உடைந்த இடம் கீழே இருந்தே தெரியும். துருப்பிடித்த திருகாணி காற்று வந்த பிறகுதான் தெரியும்.

"மேலுக்கு ஓடு. கீழை பலகை வைச்சு, கொளுக்கி போட்டு" என்று என்னிடம் சொன்னாள். "குசினிச் சாய்ப்புக்குத் தகரம். அங்கை எப்பிடியும் காப்புறுதி இல்லை. கதிரையிலை ஏறினால் திருகாணி எட்டும்."

மேஸ்திரி கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு போட்டார். புரட்டாசி முடிவதற்குள் வேலை முடிந்தது, நிபுணர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார், கலோஜெரோ காப்புறுதியைப் புதுப்பித்தார். காற்றும் மழையும் உட்பட.

இராஜநாயகம் எடுத்தார். "மெற்றல் போட்டனியோ?"

"போட்டனான் அண்ணை."

"பாத்தியே. நான் சொன்னனான். இன்சூரன்ஸ் குறைஞ்சதோ?"

"இல்லை. குசினிக்குத்தான் போட்டனான். மேலுக்கு ஓடு."

"குசினிக்கோ?"

"ஓம். நல்ல சாமான் அண்ணை. நீங்கள் சொன்னது சரி, அது பழுதுபடாது. உங்கடை வீட்டுக்கு நல்லாயிருக்கும்."

அவருக்குக் கோபிப்பதா சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. பெனடிக்றின் சுகத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஐப்பசியில் முதல் மழை வந்தபோது நான் மேலறையில் இருந்தேன். பெனடிக்றைக் கட்டில் விளிம்பில் இருத்தி, காலை நிலத்தில் ஊன்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் துறையில் படகுகளை மூடுகிறார்கள். கூரையில் ஒரு சத்தம் இல்லை. தலைக்கு மேலே எங்கும் ஈரமில்லை. நான் சுவரோரமாகக் கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பெனடிக்ற் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மழை பெய்யுதோ அக்கா?"

"ஓம். வெளியிலை பாருங்கோ."

"பாக்கத் தெரியுது. கேக்கேல்லையே." முகத்தைச் சுளித்தார். "மழை எண்டால் சத்தம் வரவேணும். இதென்ன, ஊமைப் படம் மாதிரி. மலர், என்ன கூரை போட்டிருக்கிறாய்?"

கீழே குசினியில் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படி வழியாக அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அதற்கு மேலால் அற்புதமலரின் குரல். "சத்தம் வேணுமெண்டால் இஞ்சை இருக்கு. நல்லாய் அடிக்குது. வந்து கேளுங்கோ."

"நான் எப்பிடி வாறது?"

"எல்லாரும் வாற மாதிரித்தான். படியாலை."

அன்றைக்கு அவர் போகவில்லை. வாசல் வரை நடந்து, முதற்படியைப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். இத்தனை மாதமாக நான் எவ்வளவு கெஞ்சியும் அவர் அந்த வாசல் வரைகூட வந்ததில்லை. இரண்டாவது மழைக்கு மூன்று படி இறங்கினார், அங்கேயே உட்கார்ந்து கேட்டார், அவரைத் திரும்ப ஏற்ற எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்தே காற்றும் மழையுமாக இருந்தது. நான் அவருக்கு வலது பக்கத்தில் கைப்பிடியைக் காட்டி, இடது பக்கத்தில் நானே நின்று, ஒவ்வொரு படியாக இறக்கினேன். மேலே ஓடு ஒன்றுகூட அசையவில்லை. குசினி வாசலில் வந்து நின்றபோது தகரச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அற்புதமலர் அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே காலால் ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, கையால் மேசையைத் தட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

"மச்சானுக்குச் சொல்லு" என்று கத்தினார். "நல்ல தகரம் எண்டு."

அவள் ஒரு சூரை மீனையும் பலகையையும் அவருக்கு முன்னால் வைத்தாள். கத்தியை வலது கையில் கொடுத்தாள்.

"ஒரு கையாலையோ?"

"பலகையிலை ஆணி அடிச்சிருக்கிறன். மீனைக் குத்தி நிப்பாட்டிப்போட்டு வெட்டுங்கோ. வெட்டின இடத்தைக் கழுவவும் வேணும்."

அவர் வெட்டினார். கோணல்மாணலாக வந்தது. கழுவினார்.